பழைய ஜீப்பில் முதலில் எதை மாற்றுவது?

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள மலையடிவாரங்களில் யாரும் பார்க்கக்கூடிய காட்சி ஒன்று உண்டு. சிறுமலையிலிருந்தோ ஆடலூர், பன்றிமலைப் பக்கமிருந்தோ வாழைத்தாரும் காப்பி மூட்டையும் ஏற்றிக்கொண்டு வரும் பழைய சுமை ஜீப்புகளுக்கு டயர் ஒல்லியாகத்தான் இருக்கும். உயரமும் கம்பெனி கொடுத்த உயரத்தை விட அதிகம் இராது. தோட்டத்து மண்பாதையில், மழை அரித்த பள்ளங்களுக்கு நடுவே, மனிதன் நடக்கும் வேகத்தில் அவை பதற்றமில்லாமல் ஏறி இறங்குகின்றன. அதே வகை ஜீப்பை ஊருக்குள் ஒருவர் வாங்கி, நான்கு அங்குலம் தூக்கி, அகல டயர் மாட்டி, குடகனாற்றின் காய்ந்த மணலில் இறக்கினால், சில அடிகளிலேயே சக்கரம் புதைந்து நின்றுவிடுவதும் நடக்கிறது. பார்வைக்குப் பலசாலியாகத் தெரிகிற வண்டி நிற்கிறது. தேய்ந்து போனதாகத் தெரிகிற வண்டி போகிறது. ஓட்டுநரின் அனுபவம் இதில் ஒரு பங்குதான். மீதிப் பங்கு இயற்பியல். அந்த இயற்பியலைத் தெரிந்துகொண்டால், பழைய ஜீப்பை வீட்டு முற்றத்தில் வைத்துத் தானே சீர்செய்ய விரும்பும் புதியவர் எந்த வேலையை முதலில் எடுக்க வேண்டும், எதைத் தள்ளிப்போட வேண்டும் என்பது தெளிவாகும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான்: கரடு நிலத்தில் வண்டியை நகர்த்துவது அதன் உயரம் அல்ல, தாழ்ந்த கியரும் தரையைத் தொடும் டயர்ப் பரப்பும்தான். உயரத்தில் தொடங்குகிறவர் கடைசியில் செய்ய வேண்டிய வேலையை முதலில் செய்கிறார்.

நம் ஊர்ப் பழைய ஜீப்புகளின் பூர்வீகம் இரண்டாம் உலகப் போர்க்காலத்து வில்லிஸ் வண்டி. 1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் அதை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. பிறகு சி.ஜே. 3பி என்ற உயர்ந்த பானெட் கொண்ட மாடல் இங்கேயே தயாராகிப் பல பெயர்களில் பல பத்தாண்டுகள் ஓடியது. 1980-களில் பியூஜோ டீசல் எஞ்சினுடன் வந்த எம்.எம். 540-ஐ இன்றும் பட்டறைகளில் பார்க்கலாம். எஞ்சின் மாறினாலும் எலும்புக்கூடு ஏறத்தாழ ஒன்றே: ஏணி போன்ற சேசிஸ், முன்னும் பின்னும் ஒரே துண்டான அச்சு, அதன்மேல் பட்டை ஸ்பிரிங், நான்கு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டி. கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும், ஸ்பானருக்கு எட்டும். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல வண்டி அமைவது கடினம்.

வண்டி மேடேறுவதற்கு இரண்டு காரியம் நடக்க வேண்டும். சக்கரத்தைத் திருப்பப் போதுமான முறுக்குவிசை வேண்டும். திரும்புகிற சக்கரம் வழுக்காமல் தரையைப் பற்ற வேண்டும். முறுக்குவிசை என்பது ஒன்றைத் திருகும் வலு. எஞ்சின் தருகிற திருகல் அப்படியே சக்கரத்துக்குப் போனால் வண்டி மேட்டில் அசையாது. நடுவே உள்ள பற்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்து அதே அளவுக்குத் திருகலைப் பெருக்குகின்றன. சி.ஜே. 3பி-யின் முதல் கியர் ஏறத்தாழ 2.8 மடங்கு பெருக்கும். டிரான்ஸ்ஃபர் பெட்டியின் லோ கியர் 2.46 மடங்கு, அச்சுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் 5.38 மடங்கு. மூன்றும் சேரும்போது 37 மடங்கு. எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றும்போது சக்கரம் 27 சுற்றுதான் சுற்றும். வண்டி மணிக்கு நாலு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, நடை வேகத்தில் ஊரும். அந்த 2.2 லிட்டர் எஞ்சினின் உச்சத் திருகலை 37 மடங்காக்கி, உராய்வில் வீணாவதைக் கழித்தாலும், சக்கரங்கள் தரையைப் பின்னுக்குத் தள்ளும் விசை ஆயிரம் கிலோ எடைக்கு மேல் வருகிறது. ஜீப்பின் வெறும் எடையே ஏறத்தாழ அவ்வளவுதான். லோ கியரில் எஞ்சினுக்குப் பலம் போதவில்லை என்ற நிலை அநேகமாக வராது. அதற்கு முன்பே சக்கரம் வழுக்கிவிடும். குறைந்த குதிரைத்திறன் கொண்ட இந்த வண்டி மலைத்தோட்டத்தில் சுமையோடு ஏறுவதன் ரகசியம் இந்தப் பெருக்கம்.

இப்போது டயரைப் பெரிதாக்கினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். பழைய 6.00-16 டயரின் விட்டம் ஏறத்தாழ 28.5 அங்குலம். அதைக் கழற்றிவிட்டுப் பலரும் ஆசைப்படுகிற 31 அங்குல டயரை மாட்டினால் விட்டம் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடுகிறது. அச்சு தருகிற திருகல் அதேதான். ஆனால் அது தரையை எட்ட வேண்டிய தூரம், அதாவது சக்கரத்தின் ஆரம், நீண்டுவிட்டது. தரையைத் தள்ளும் விசை 8 சதவீதம் குறைகிறது. 37 என்று இருந்த பெருக்கம் 34 ஆனதற்குச் சமம். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 65-ல் போகும். பிரேக்குக்கும் இதே கதி: டிரம்முக்குள் ஷூ பிடிக்கிற பிடி மாறவில்லை, அது நிறுத்த வேண்டிய சக்கரம் பெரிதாகவும் கனமாகவும் ஆகிவிட்டது. வேகம் கூடும்போது வண்டியின் இயக்க ஆற்றல் அதன் இருமடியில் கூடும் என்பதால், மீட்டர் குறைத்துக் காட்டுகிற அந்த 5 கிலோமீட்டருக்கே பிரேக் 17 சதவீதம் கூடுதல் ஆற்றலை விழுங்க வேண்டியிருக்கிறது. திண்டுக்கல் பூட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். உள்ளே அடுக்கியிருக்கும் நெம்புகோல் தகடுகள் ஒவ்வொன்றும் சாவியின் ஒரு வெட்டுக்குப் பொருந்தும்படி அரம் வைத்து அளவாக ராவப்பட்டவை. ஒரு தகட்டை மட்டும் கூடுதலாக ராவினால் மற்றவை சரியாக இருந்தும் பூட்டு திறக்காது. ஜீப்பிலும் டயர், கியர், பிரேக், ஸ்டீயரிங் ஆகியவை ஒன்றையொன்று பார்த்து அளவெடுக்கப்பட்டவை. கிரவுன் பினியனை மாற்றி இழந்த பெருக்கத்தை மீட்கலாம் என்பது உண்மையே. ஆனால் பின்னச்சில் மட்டும் மாற்ற முடியாது. இந்த ஜீப்புகளின் டிரான்ஸ்ஃபர் பெட்டிக்குள் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே வேக வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு இல்லை. இரண்டு அச்சின் விகிதமும் ஒன்றாக இல்லாவிட்டால் ஃபோர்வீல் போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிப் பல் உடையும். முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு டயர் போடக்கூடாது என்பதற்கும், தார் ரோட்டில் ஃபோர்வீல் போட்டு ஓட்டக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

அடுத்தது பிடிப்பு. கட்டுரையின் மையம் இங்கேதான் இருக்கிறது. டயர் தரையை ஒரு கோட்டில் தொடுவதில்லை. சற்றே நசுங்கி ஒரு பரப்பில் தொடுகிறது. அதைத் தொடுபரப்பு என்று சொல்லலாம். இந்தப் பரப்பின் அளவைத் தீர்மானிப்பது டயரின் அகலம் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். முதன்மையாகத் தீர்மானிப்பது உள்ளே உள்ள காற்றழுத்தம். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். 30 பி.எஸ்.ஐ. காற்று என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.1 கிலோ அழுத்தம். 300 கிலோவைத் தாங்க 140 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல் பரப்பு வேண்டும். டயர் அந்தப் பரப்பு கிடைக்கும்வரை நசுங்கி நிற்கும். காற்றை 15-க்குக் குறைத்தால் அதே எடையைத் தாங்க இருமடங்குப் பரப்பு தேவை. டயர் இன்னும் நசுங்கி அதைக் கொடுத்துவிடும். இதை ஏட்டளவில் நம்ப வேண்டியதில்லை. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, டயரின் அடிப்பாகத்தில் பெயின்டோ மையோ தடவி, கீழே கெட்டியான அட்டையை வைத்து, நேராக இறக்கி மறுபடி தூக்கினால் தொடுபரப்பின் அச்சு அட்டையில் பதிந்துவிடும். அதைக் கட்டம் போட்ட தாளில் எடுத்துக் கட்டங்களை எண்ணினால் பரப்பு கிடைக்கும். 30, 25, 20 என்று காற்றைக் குறைத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். முதலாவது, பரப்பு கணக்கு சொல்கிற அளவுக்கு முழுதாகக் கூடுவதில்லை. டயரின் பக்கச் சுவரே கொஞ்சம் எடையைத் தாங்குகிறது, அதுவும் பழைய நைலான் டயரின் கெட்டியான சுவர் அதிகமாகவே தாங்கும். இரண்டாவது, அச்சு அகலத்தில் கூடியதைவிட நீளத்தில்தான் அதிகம் கூடியிருக்கும்.

அந்த நீளம் முக்கியமானது. போலந்தில் பிறந்து, பின்னர் அமெரிக்காவில் பணியாற்றிய பொறியாளர் மியெச்சிஸ்வாவ் பெக்கர், நிலத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே நடப்பதை ஒரு தனி அறிவியலாகவே வளர்த்தெடுத்தார். நிலாவில் ஓடிய அப்போலோ வண்டியின் உருவாக்கத்திலும் அவர் பங்கு உண்டு. மென்மையான மண்ணில் சக்கரம் முன்னேற வேண்டுமானால் தன் முன்னால் உள்ள மண்ணை அமுக்கி ஒரு தடம் வெட்டிக்கொண்டே போக வேண்டும். தடம் எவ்வளவு ஆழமோ, எவ்வளவு அகலமோ, அவ்வளவு சக்தி அதில் போகிறது. ஒரே அளவு பரப்பை அகலமாக வைப்பதைவிட நீளமாக வைத்தால் வெட்ட வேண்டிய தடம் குறுகுகிறது, தடை குறைகிறது. காற்றைக் குறைப்பது இந்த நீளத்தைக் காசு செலவில்லாமல் தருகிறது. குடகனாற்று மணலில் ஆள் நடக்க முடிகிறது, ஜீப் புதைகிறது என்றால் காரணம் அழுத்தக் கணக்குதான்: 60 கிலோ ஆள் ஒற்றைக் காலில் நிற்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோவுக்கும் குறைவாகவே அழுத்துகிறார், முழுக் காற்றோடு இருக்கும் ஜீப் டயர் நாலு மடங்குக்கு மேல் அழுத்துகிறது. இரண்டாம் உலகப் போரில் கடலிலிருந்து நேராக மணற்கரையில் ஏறிய டக் என்ற அமெரிக்க நீர்நில லாரியில், ஓட்டுநர் இருந்த இடத்திலிருந்தே டயர்க் காற்றைக் குறைக்கவும் கூட்டவும் ஏற்பாடு செய்திருந்தார்கள். உயிர் போகும் அவசரத்தில் கட்டப்பட்ட வண்டியில் அந்தச் சிக்கலான குழாய் அமைப்புக்கு இடம் கொடுத்தார்கள் என்றால், காற்றழுத்தத்தின் பலன் எவ்வளவு பெரியது என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

நிலத்துக்கு நிலம் இது மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். திண்டுக்கல் சமவெளியில் செம்மண் மிகுதி, ஆங்காங்கே கரிசல். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய கரிசலில் மேலே வழுவழுப்பான களி, கொஞ்சம் கீழே கெட்டித் தரை என்ற அமைப்பு பல இடங்களில் இருக்கும். அங்கே அகல டயர் களியின் மேலேயே மிதந்து வழுக்கும். ஒல்லியான பழைய டயர் களியை அறுத்துக்கொண்டு கீழே இறங்கிக் கெட்டித் தரையைப் பற்றும். ஆற்று மணலில் கீழே கெட்டித் தரை கைக்கெட்டும் ஆழத்தில் இல்லை; அங்கே மிதப்பதுதான் வழி. ஆகவே எல்லா நிலத்துக்கும் ஒரே டயர் என்று ஒன்று கிடையாது. எல்லா நிலத்துக்கும் மாற்றிக்கொள்ளக்கூடியது காற்று மட்டுமே. புதியவர் வாங்க வேண்டிய முதல் சாமான் ஒரு நல்ல காற்றளவு மானியும், பேட்டரியில் ஓடும் ஒரு பம்ப்பும். பழைய ஜீப்புகளில் டியூப் டயர் என்பதால் ஒரு எச்சரிக்கை உண்டு: காற்று மிகவும் குறைந்தால் டயர் ரிம்மின் மேல் நழுவிச் சுற்றும், டியூபின் வால்வு வேரோடு அறுந்துபோகும். தொடக்கத்தில் 18-க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. மணலைத் தாண்டித் தார் ரோட்டுக்கு வந்ததும் முழுக் காற்றையும் திரும்பப் பிடித்தாக வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகமாகச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறி வெடித்துவிடும்.

இனி உயரம். வண்டியைத் தூக்கினால் அடிவயிறு கல்லில் இடிக்காது என்பது எல்லோரும் சொல்லும் காரணம். பழைய ஜீப்பில் கல்லில் முதலில் இடிப்பது எது என்று கீழே குனிந்து பாருங்கள். சேசிஸ் அல்ல, அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங். அது சக்கரங்களோடு ஒட்டியது, ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பது. ஸ்பிரிங்கை நான்கு அங்குலம் உயர்த்தினாலும் ஹவுசிங் ஒரு நூல்கூட மேலே போகாது, பாடிதான் போகும். ஹவுசிங்கை உயர்த்த ஒரே வழி பெரிய டயர், அதிலும் விட்டத்தில் கூடியதில் பாதிதான் தரையிடைவெளிக்குச் சேரும். முன்பு சொன்ன 31 அங்குல டயரில் அது ஒன்றேகால் அங்குலம். தூக்குவதால் நன்மையே இல்லை என்று சொல்லவில்லை: பெரிய டயர் பாடியில் உரசாமல் சுற்ற இடம் கிடைக்கும், மேட்டின் முனையில் வண்டியின் வயிறு தட்டாது. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

வண்டியின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கருதினால் அந்தப் புள்ளிக்கு ஈர்ப்பு மையம் என்று பெயர். வண்டி கவிழுமா நிற்குமா என்பதை, இடது வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை இந்த மையத்தின் உயரத்தால் வகுத்துப் பார்த்துத் தோராயமாகச் சொல்லலாம். அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001 முதல் கார்களுக்குக் கவிழும் அபாயத் தரம் கொடுக்க இதையே அடிப்படையாக எடுத்தது. ஒற்றை வண்டி விபத்துகளில் எந்தெந்த மாடல்கள் எவ்வளவு கவிழ்ந்தன என்ற பதிவுகளோடு ஒப்பிட்டபோது இந்த எளிய விகிதம் நன்றாகவே பொருந்தியது. சி.ஜே. 3பி-யின் சக்கர அகலம் 48 அங்குலத்தை ஒட்டியது. கணக்குக்காக மையம் 24 அங்குல உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம்: விகிதம் 1. பாடியையும் டயரையும் சேர்த்து மையத்தை நான்கு அங்குலம் ஏற்றினால் விகிதம் 0.86. பக்கவாட்டுச் சரிவில் 45 பாகை வரை தாங்கிய வண்டி இப்போது 41 பாகையைத் தொடும் முன்பே விழும். நான்கு பாகைதானே என்று தோன்றலாம். உண்மையான ஆபத்து சரிவில் இல்லை, தார் ரோட்டு வளைவில் இருக்கிறது. காய்ந்த தாரில் சாதாரண டயரின் பிடிப்பு ஏறத்தாழ 0.8. விகிதம் 1 உள்ள வண்டியை வளைவில் வேகமாகத் திருப்பினால் கவிழும் முன்பே டயர் வழுக்கிவிடும்; வழுக்கல் ஆபத்தானதுதான், ஆனால் கவிழ்வது அதைவிடக் கொடியது. விகிதம் 0.86 ஆகும்போது அந்த இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. வளைவில் ஸ்பிரிங் சாய்வதையும் டயர் நசுங்குவதையும் சேர்த்தால் மிச்சமும் போய்விடும். நல்ல பிடிப்புள்ள புது டயர் போட்டுவிட்டோம் என்பது இங்கே நிலைமையை மோசமாக்குகிறது, ஏனென்றால் வழுக்கித் தப்பிக்க வேண்டிய டயர் வழுக்க மறுக்கிறது. சிறுமலைச் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.

ஈர்ப்பு மையத்தின் உயரத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லையே, எப்படித் தெரியும் என்று கேட்பது நியாயம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி முன்சக்கரங்களை மட்டும் எடைமேடையில் நிறுத்துப் பார்க்கிறார்கள். பிறகு பின்பக்கத்தைத் தெரிந்த அளவுக்கு உயரத் தூக்கி மீண்டும் முன்னெடையைப் பார்க்கிறார்கள். மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு அதிக எடை முன்னுக்கு நகரும். நகர்ந்த எடையிலிருந்து உயரம் கணக்காகிறது. ஆய்வுக்கூடங்களில் வண்டியை ஒரு பெரிய மேசையில் நிறுத்தி, பக்கவாட்டில் சாய்த்துச் சக்கரம் எந்தப் பாகையில் தூக்குகிறது என்றும் பார்க்கிறார்கள். வீட்டில் இரண்டாவதைச் செய்ய முயலக் கூடாது.

பட்டை ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்துத் தூக்குவதில் இன்னொரு இழப்பும் உண்டு. சுமை ஜீப்புகளுக்குப் பட்டை கூட்டுவதைப் பார்த்து, சுமையில்லாத வண்டிக்கும் அப்படியே செய்கிறார்கள். ஒரு டன் வாழைக்காயை ஏற்றினால் வளைகிற ஸ்பிரிங் வெறும் வண்டிக்கு வளையாது. வளையாத ஸ்பிரிங் பள்ளத்தில் சக்கரத்தைக் கீழே இறங்க விடாமல் அந்தரத்தில் பிடித்து வைக்கும். டிஃபரன்ஷியலின் இயல்பு, இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் சமமான திருகலைத்தான் கொடுக்கும். அந்தரத்தில் சுற்றும் சக்கரத்துக்குத் திருகல் தேவையே இல்லாததால், தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றும் போகாது. வண்டி நின்றுவிடும். இதற்கு மாறாக, இருபது முப்பது வருடத் துருவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பட்டைகளைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிரீஸ் வைத்து, தேய்ந்த புஷ்களை மாற்றிப் பூட்டினால் ஸ்பிரிங் மறுபடி அசையத் தொடங்கும். உயரம் கூடாது, சக்கரம் தரையை விட்டு எழாது. புதியவர் வீட்டிலேயே செய்யக்கூடிய, உண்மையிலேயே வண்டியின் திறனைக் கூட்டுகிற வேலை இது. ஒரே நிபந்தனை: ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக் கூடாது. சேசிஸுக்குக் கீழே இரும்பு ஸ்டாண்ட், எதிர்ச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, அதன் பிறகே ஸ்பானர்.

தூக்குவது தொடும் இன்னொரு பாகம், டிரான்ஸ்ஃபர் பெட்டியிலிருந்து அச்சுக்குச் சக்தியைக் கடத்தும் ஜாயின்ட் ஷாஃப்ட். அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அதன் முனையில் உள்ள கிராஸ், சாய்வாக இருக்கும்போது ஒரே சீரான வேகத்தைக் கடத்தாது; ஒரு சுற்றுக்கு இரண்டு முறை முந்தியும் பிந்தியும் சுற்றும். சாய்வு 10 பாகை என்றால் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம். 20 பாகை என்றால் ஆறு சதவீதத்துக்கு மேல். சாய்வு இருமடங்கானால் அதிர்வு நான்கு மடங்காகிறது. 80 அங்குல வீல்பேஸ் கொண்ட ஜீப்பில் பின் ஷாஃப்ட் மிகக் குட்டை என்பதால், சற்றுத் தூக்கினாலே சாய்வு தாவி ஏறும். தூக்கிய ஜீப்புகளில் கிராஸ் அடிக்கடி போவதற்குக் காரணம் சாமானின் தரக்குறைவு அல்ல.

இவ்வளவுக்கும் எதிர்வாதம் உண்டு. ஊரில் எத்தனையோ ஜீப்புகளைத் தூக்கியிருக்கிறார்கள், பெரும்பாலானவை நன்றாகத்தானே ஓடுகின்றன என்பார்கள். ஓடுகின்றன, உண்மைதான். கம்பெனி வைத்த பாதுகாப்பு இடைவெளி பெரியது. அதில் பாதியைத் தின்றாலும் சாதாரண நாளில் தெரியாது. திடீரென்று குறுக்கே வரும் மாட்டுக்காக வளைக்கும் அந்த ஒரு கணத்தில்தான் மீதிப் பாதி தேவைப்படுகிறது. இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது: கம்பெனி அளவு என்ன வேதமா? 1940-களின் தேவைக்குப் போட்ட வடிவத்தை இன்றைக்கு ஏன் அப்படியே வைத்திருக்க வேண்டும்? வைத்திருக்க வேண்டியதில்லை. மூன்று முனை சீட் பெல்ட், நல்ல பிரேக், கம்பெனி விட்டத்துக்கு நெருங்கிய ரேடியல் டயர் இவையெல்லாம் பழைய வடிவத்தைவிட மேலானவை. 235/75 ஆர்15 என்ற அளவு 28.9 அங்குல விட்டம் தருகிறது. பழைய டயருக்கு மிக அருகில் இருப்பதால் கியரும் மீட்டரும் குழம்பாது. தகுந்த ரிம் மட்டும் வேண்டும். மாற்றம் தவறல்ல. ஒரு மாற்றம் எந்தெந்த அளவுகளைத் தொடுகிறது என்று தெரியாமல் மாற்றுவதே தவறு. சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள கம்பெனி விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழிசெய்தது. 15 ஆண்டு தாண்டிய சொந்த வண்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. முன்னால் நிற்கத்தான் வேண்டும்.

அளந்து பார்த்துத் தொடங்குவது எவ்வளவு பலன் தரும் என்பதற்கு முகப்பு விளக்கு நல்ல உதாரணம். பழைய ஜீப்பின் வெளிச்சம் மங்கலாக இருக்கும்; உடனே கூடுதல் விளக்குக் கம்பி மாட்டத் தோன்றும். மாட்டும் முன், எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் ஒரு முறை, எரியும் பல்பின் பின்முனையில் ஒரு முறை மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட மிக வேகமாகக் குறையும்: வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடும். பல்புக்கும் பேட்டரிக்கும் ஒன்றரை வோல்ட் வித்தியாசம் இருந்தால் குற்றவாளி பல்பு அல்ல. துருப்பிடித்த எர்த் முனையும், முழு மின்னோட்டத்தையும் சுமந்து கருகிப்போன பழைய ஸ்விட்சும். எர்த் பிடிக்கும் இடத்தைப் பளபளப்பாகச் சுரண்டி, கொஞ்சம் தடித்த ஒயரும் ஒரு ரிலேயும் போட்டால் பழைய பல்பே புதிதுபோல எரியும்.

இதையெல்லாம் முடித்து, ஒரு பருவம் ஓட்டிப் பார்த்து, உண்மையிலேயே வயிறு தட்டுகிறது என்று கண்டவர், ஆர்.டி.ஓ. அனுமதிக்கும் அளவுக்குள், ஒன்றரை அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அப்போதும் நான்கு காரியத்தைச் சேர்த்தே பார்க்க வேண்டும்: ஷாஃப்டின் இரு முனைச் சாய்வும் சமமாக இருக்கிறதா, முழுதாக இறங்கிய நிலையில் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஸ்டீயரிங் தண்டு பழைய கோணத்தில் நிற்கிறதா, ஷாக் அப்சார்பரின் நீளம் போதுமா. ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ போல்ட்டுகளுக்குப் புதியவைதான் போட வேண்டும். ஒருமுறை இழுத்து முறுக்கியவை மறுபடி அதே பிடி பிடிக்காது. பட்டைகள் படிந்து உட்கார்ந்ததும் நட்டு தளரும் என்பதால், நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறையும் ஐந்நூறில் ஒருமுறையும் மீண்டும் முறுக்க வேண்டும். நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டு வைத்தால், நட்டு நகர்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்த மாத்திரத்தில் தெரியும்.